மாப்பிள்ளைக்குச் சொல்லாத அறை

மாப்பிள்ளையும் பட்டுப்புழு முட்டையும் எங்கள் வீட்டுக்கு ஒரே கிழமையில் வந்து சேர்ந்தார்கள். நான் திட்டம் போட்டு அப்படி அழைக்கவில்லை. முட்டைக்குச் சொல்லிவைத்ததுதான் முதலில். மகளின் நிக்காஹ் பெருநாள் கழித்து என்று பேச்சு இருந்தது. பிறகு, மாப்பிள்ளையின் சாச்சாவுக்குக் கட்டாரில் லீவு முடியப்போகிறது, அவர் இல்லாமல் கலியாணமா என்று அவர்கள் நாளை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பெண் வீட்டுக்காரர் அதில் என்ன சொல்ல முடியும்? ஓம் என்றோம். மலைநாட்டிலிருந்து பஸ்ஸில் வந்த முட்டைத்தாளை, கலியாணச் சாப்பாட்டுக்குக் கோழி சொல்லப் போன வழியில் கல்முனை பஸ் நிலையத்தில் வைத்து வாங்கினேன். கடுகைவிடச் சின்ன முட்டைகள் ஒட்டிய ஒரு தாள். வெயில் படக் கூடாது, கசங்கக் கூடாது. கோழிக்கடையில் என் கணவர் விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் ஆட்டோவுக்குள் முந்தானையால் அதை மூடிக்கொண்டு இருந்தேன். கலியாணப் பெண்ணின் தாய் மடியில் எதை மறைத்து வைத்திருக்கிறாள் என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் கிழக்குக் கரையில் பெண்பிள்ளை கலியாணம் முடித்து வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். தாய் இருந்த வீடு மகளுக்கு. அதை அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள். என் உம்மா எனக்கு அப்படித்தான் தந்தா. நானும் என் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது சந்தோசமாகத்தான் இருந்தது. கொடுத்த அடுத்த நாள் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு, உப்புப் போத்தலை எடுக்க இனி யாரிடமாவது கேட்க வேண்டுமா என்று ஒரு யோசனை வந்தது பாருங்கள், அது சந்தோசம் இல்லை.

புது மாப்பிள்ளை என்றால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கேட்காமலே எல்லாம் நடக்க வேண்டும். மாமி அவரோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், மகள் அவரிடம் சொல்வாள். அதுவும் நல்லதை மட்டும். "அதைச் செய்யாதீங்க, இதைத் தொடாதீங்க" என்று மாப்பிள்ளையிடம் சொன்ன வீட்டை ஊர் சும்மா விடாது. மனம் கோணி அவர் தன் உம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டால், பிறகு பெரியவர்களை அனுப்பித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பயம் பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூட. பயப்பட எனக்குக் காரணமே தேவையில்லை. காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் லேசில் விடவும் மாட்டேன்.

எங்களுடையது மருதமுனையில் ஒரு நெசவு வீடு. பின்வளவுக் கொட்டிலில் என் கணவரின் தறிகள் இருக்கின்றன. சாரமும் சாரியும் நெய்கிறோம். பருத்தி நூல் எங்களுக்குப் பழக்கம். பட்டு நூல் மட்டும் எங்கிருந்தோ பெட்டியில் வரும். பெண்களுக்கு நடத்திய ஒரு பயிற்சியில்தான் பட்டுப்புழுவை முதன்முதலாகக் கண்டேன். புழுவைவிட எனக்குப் பிடித்தது நூற்கிற விதம். வழக்கமாகக் கூட்டைக் கொதிநீரில் போட்டு இழையை அறாமல் இழுப்பார்கள். உள்ளே இருக்கும் உயிர் அவிந்துபோகும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் கணவர் பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உசிரோட அவிக்கிற வேலை இந்த வீட்டில வேணாம் புள்ள."

எனக்கும் அதில் மனமில்லை. ஆனால் இன்னொரு வழி இருந்தது. அந்துப்பூச்சி தானாகக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போகட்டும் என்று விட வேண்டும். மிஞ்சுகிற வெறும் கூட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் அவித்து, பசை போனதும் பஞ்சு மாதிரி இழுத்துக் கையால் நூற்க வேண்டும். அந்த நூல் வழுவழுப்பாக இருக்காது, அங்கங்கே முண்டு தட்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. "ஆம்பிளைக்குப் பட்டு ஹராம். ஒரு சால்வைக்கும் வழியில்லாத வேலைக்கு நான் இலை பறிக்கணுமா?" என்று பகிடி பண்ணிக்கொண்டே என் கணவர் இலை பறித்துத் தந்தார். கிணற்றடி வேலியோரமாக மல்பெரியை நட்டு வளர்த்ததும் அவர்தான்.

முதல் முறை எறும்பு வந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாம் முறை நானே கெடுத்தேன். எங்கள் வளவுக்குக் கடற்காற்று நேரே வரும். ஒரு நாள் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. நெசவுக்காரிக்கு அழுக்கு என்றால் கழுவத்தான் தெரியும். கிணற்றுத் தண்ணீரில் அலசி அலசி, ஈரம் போவதற்குள் போட்டேன். ஈர இலை புழுவுக்கு ஆகாது. வயிறு போய், உடம்பு கறுத்து, ஒவ்வொன்றாகத் தொங்கிப்போயின. புழு வளர்த்த சுளகைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டி எல்லாவற்றையும் மூடினேன். அன்று நான் சாப்பிடவில்லை. என் கணவர் பகிடி பண்ணவுமில்லை.

மூன்றாம் முறைக்குத்தான் இந்த முட்டைகள். வீட்டின் நடு அறையில்தான் எப்போதும் வளர்ப்பேன். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அது. மகள் தன் கலியாணத்துக்கு முதல்நாள், கையில் மருதோன்றி காயாமல் இருக்கும்போது, ஒரு பேச்சுப் பேசினாள்.

"உம்மா, இந்த முறை கூடு கட்டிச்செண்டா அந்த அறை உங்களுக்கு. கட்டாட்டி நாங்க எடுத்துக்குவம். அவங்க கம்பியூட்டர் வைக்க இடம் கேட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து என் நெஞ்சில் கல் ஏறிவிட்டது. அந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்த அறை ஒன்றுதான். அதுவும் புழுக்களின் கையில் இருந்தது.

அடுத்ததாக அவள் கேட்டதுதான் பெரிய வில்லங்கம். "அவங்களுக்குச் சொல்ல வேணாம் உம்மா. புழு எண்டா அவங்கட உம்மா சத்தி எடுப்பாவாம். புது வீட்டுக்கு வாற மாப்பிள்ளைக்கிட்ட நடு அறை நிறையப் புழு எண்டு எப்பிடிச் சொல்ற? கூடு கட்டினாப் பொறகு சொல்லுவம். கூடு வடிவா இரிக்கும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளையை அழைத்த வீட்டில் புழு இருந்தது என்று அவர் ஊரான சாய்ந்தமருது முழுக்கக் கதை போனால் யார் தாங்குவது? கதவைப் பூட்டினோம். சாமான் அறை என்று மகள் அவரிடம் சொன்னாள்.

மருமகனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே ஒரு கவலையாக இருந்தது. வங்கியில் வேலை. தலை நிமிராமல் வருவார், முன்னறைக்குள் போவார், வைத்ததைச் சாப்பிடுவார். பின்பக்கம் அடி எடுத்து வைக்க மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்டது அத்தர். அவர் முன்கதவுக்கு வரும்போதே மணம் அடுப்படிக்கு வந்துவிடும். பட்டுப்புழுவுக்கு மணம் ஆகாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அத்தர், சாம்பிராணி, சிகரெட், பொரிக்கிற புகை, எல்லாவற்றையும் விட மோசமாக, கடிக்கிற நுளம்பை விரட்டக் கொளுத்துகிற நுளம்புத்திரி. எங்கள் வீட்டில் அறைச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஓட்டுக்குக் கீழே எல்லா அறையும் ஒரே வெளிதான். முன்னறையில் ஒருவர் தும்மினால் அடுப்படியில் "அல்ஹம்துலில்லாஹ்" கேட்கும்.

வெள்ளிக்கிழமை இரவுக்கு, அதாவது வியாழன் பின்னேரம், நாங்கள் வீடெல்லாம் சாம்பிராணி காட்டுவோம். அந்த வியாழன் நான் சட்டியை எடுக்கவே இல்லை. கேட்டால் சாம்பிராணி முடிந்துவிட்டது என்றேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில், இது எங்கே போய் முடியுமோ என்று இருந்தது.

நுளம்புதான் காட்டிக் கொடுத்தது. முதல் கிழமையே மருமகனை நுளம்பு பிய்த்தெடுத்தது. காலையில் அவர் கழுத்தெல்லாம் தடிப்பு. ஒரு பின்னேரம் நான் புழுக்களுக்கு இலை நறுக்கிக்கொண்டிருக்கிறேன், சுவருக்கு மேலால் நுளம்புத்திரியின் மணம் வந்தது. ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பு ஒன்றை நனைத்துச் சுவரின் மேல் போட்டேன். யன்னலைத் திறந்தேன். குஞ்சுப் புழுக்கள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. அது பசியில் ஆட்டுகிறதா, மூச்சுமுட்டி ஆட்டுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, சாப்பிடுங்க" என்று அவற்றிடம் சொன்னேன். தனியே ஒரு அறையில் பொழுதுக்கும் இருந்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது.

மகளிடம் சொன்னேன். அவள் அவரிடம் சொல்ல மாட்டேன் என்றாள். "என்னெண்டு சொல்ற? சாமான் அறைக்குப் புகை ஆகாதெண்டா?" அவள் கேட்டதும் சரிதான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

நான் என் வழியில் இறங்கினேன். நல்லதாக ஒரு நுளம்பு வலை வாங்கி, கரையில் பூ வைத்துத் தைத்து, கட்டிலுக்கு அழகுக்கென்று அனுப்பினேன். அதற்குள் வேர்க்கிறது என்று இரண்டாம் நாளே சுருட்டி வைத்தார்கள். பெட்டியிலிருந்த நுளம்புத்திரிகளை எடுத்து மிளகாய்த்தூள் பேணிக்குள் ஒளித்தேன். அவர் வரும் வழியில் புதுப் பெட்டி வாங்கி வந்தார். மருமகனுக்குத் தெரியாமல் மருமகனின் பொருளைத் திருடுகிற மாமி என்று யாராவது கண்டால் என் நிலை என்னவாகும்? இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே மிளகாய்த்தூள் பேணியைத் தொடவில்லை. கறி வெள்ளையாகவே போனது.

ஒரு நாள் என் கணவர் இலைக் கடகத்தை உள்ளே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"புள்ள, இஞ்ச வா. இதென்ன?"

எறும்பு ஏறாமல் இருக்கச் சுளகுகளை அடுக்கிய தட்டின் கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் நிறைந்த சிரட்டைக்குள் நிறுத்தியிருந்தேன். முதல் முறை எறும்பிடம் பட்ட பாட்டில் கற்றது. அந்தத் தண்ணீரில் நுளம்புக்குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. மருமகனைக் கடிக்கிற நுளம்பை நானேதான் நடு அறையில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் டெங்கு. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? சிரட்டைகளை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்து, கால்களைச் சுற்றிச் சாம்பல் கொட்டினேன். அன்றிரவு மகளிடம் அவர் உடம்பு சுடுகிறதா என்று கேட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. நுளம்பும் குறைந்தது, திரி கொளுத்துவதும் குறைந்தது. ஆனால் அவர் சாப்பாட்டைக் குறைத்தார். வட்டிலப்பம் வைத்தால் ஒரு கரண்டி. கோழி வைத்தால் ஒரு துண்டு. முன்னறையில் மகளோடு கதைத்துச் சிரிக்கிற சத்தமும் இல்லாமல் போனது. அந்த நேரம் பார்த்துப் புழுக்கள் தோல் கழற்றுகிற கடைசி உறக்கம் முடிந்து எழும்பின. எழும்பின பிறகு அவை சாப்பிடுகிற சத்தம் இருக்கிறதே, ஓட்டில் தூறல் விழுகிற மாதிரி விடாமல் கேட்கும். வீடு அடங்கினால் முன்னறைக்கும் கேட்கும்.

"மழையா?" என்று அவர் மகளிடம் கேட்டாராம்.

"ஓம், மழை போல" என்றாளாம் அவள். வெளியே நிலா வெளிச்சம்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் வீட்டுக்கு வரவில்லை. சாய்ந்தமருதுக்குத் தன் உம்மா வீட்டுக்குப் போயிருந்தார். இரவும் வரவில்லை. உம்மாவைப் பார்க்கப் போனதாக மகளுக்குப் போனில் சொன்னார், அவ்வளவுதான். மகள் முன்னறையில் கட்டிலில் முகம் குப்புறக் கிடந்தாள். கலியாணம் முடித்து ஒரு மாதம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலியால் எட்டி, "மாப்பிள்ளையைக் காணல்ல?" என்று கேட்டாள். வேலை கூடவாம் என்றேன். இரவிலும் வங்கியில் என்ன வேலை கூட என்று அவள் முகமே திருப்பிக் கேட்டது.

அன்று நடு அறையில் நின்று புழுக்களைப் பார்த்தபோது எனக்கு அவற்றின் மேல் வெறுப்பு வந்தது. உங்களுக்காக என் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துக்கொண்டேனா என்று கேட்டேன். அவை கேட்டுக்கொண்டே சாப்பிட்டன. இவற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கொட்டினால் என்ன என்றுகூட நினைத்தேன். நினைத்ததோடு சரி. இலையைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். முகம் தெளிவாக இல்லை. ஆனால் வந்தார். அதே பின்னேரம்தான் புழுக்கள் பழுக்கவும் தொடங்கின. பழுத்த புழு இலையைத் தொடாது. உடம்பு தேன் நிறத்தில் உள்வெளிச்சம் தெரிய மாறும். தலையைத் தூக்கி ஏற இடம் தேடும். அந்த நேரம் அதை எடுத்து, கூடு கட்ட ஈர்க்கும் வைக்கோலும் கட்டிய தட்டில் விட வேண்டும். பிந்தினால் இழையைக் கண்ட இடத்தில் வீணாக்கிவிடும். ஒன்று இரண்டாகத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுளகு முழுக்கத் தலைகள் எழும்பின. மகளைக் கூப்பிட்டேன். அவள் மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போயிருந்தாள். என் கணவர் மஃரிபுக்குப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். நான் தனியே இரண்டு கையாலும் எடுத்து எடுத்து வைக்கிறேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. திரியின் மணம் இல்லை. புதிதாக ஏதோ, இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மணம். கரண்டில் செருகுகிற நுளம்பு மருந்து. உம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். சுவரோரத்துச் சுளகில் ஒரு புழு பச்சையாகக் கக்கியது. பக்கத்தில் இருந்தது வளைந்து துடித்தது. பிறகு அடுத்தது.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். நடு அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, முந்தானை தலையில் இருக்கிறதா என்றும் பார்க்காமல், முன்னறைக்குள் போனேன். மருமகன் கட்டிலில் இருந்து துள்ளி எழும்பினார். மகள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

"மகன், அதைக் கழட்டுங்க. சுறுக்கா கழட்டுங்க. என்ட புழுவெல்லாம் சாகுது."

அவரோடு நான் நேரே கதைத்த முதல் வார்த்தை அது. அவர் பிளக்கைப் பிடுங்கினார். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"புழுவா மாமி?"

"ஓம். பட்டுப்புழு. நடு அறையில. உங்களுக்குச் சொல்லல்ல. சொல்ல வெக்கமா இருந்திச்சு."

"புழு மட்டுந்தானா? உள்ளுக்கு வேற ஒருத்தரும் இல்லையா?"

"வேற ஆரு மகன் இருக்கப் போற?"

அவர் கட்டிலில் பொத்தென்று இருந்தார். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமும் இல்லை. திரும்பி ஓடினேன். பின்னால் மகளின் காலடி கேட்டது. சற்றுப் பொறுத்து வாசலில் அவர் வந்து நின்றார்.

"நான் உள்ளுக்கு வரலாமா மாமி?"

வீடு என் மகளுடையது. மகளுடையது என்றால் அவருடையதும்தான். ஊர் வழக்கம் அதுதான். அவர் வாசலில் நின்று என்னிடம் உத்தரவு கேட்கிறார். என் வாயில் வந்தது இதுதான்: "சேட்டை மாத்திட்டு வாங்க, அத்தர் மணக்கிது. கையைக் கழுவிட்டு வாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் போய்ச் சேட்டைக் கழற்றி, என் கணவரின் பழைய பெனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் கழுவி வந்தார். சுவரோரத்துச் சுளகுகளை அவரும் மகளும் தூக்கிப் பின்பக்கம் காற்றுப்படும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பழுத்ததை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். முதல் புழுவை எடுக்கும்போது அவருக்கு உடம்பு கூசியது. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார். பிறகு கண்ணைத் திறந்தார். என் கணவர் பள்ளியால் வந்து பார்த்தபோது மாப்பிள்ளை தரையில் குந்தியிருந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரும் சேட்டைக் கழற்றிவிட்டுக் குந்தினார்.

சுவரோரத்துச் சுளகில் பாதிக்கு மேல் செத்துப்போயின. மற்றவை பிழைக்குமா என்று விடியும் வரை எனக்குத் தெரியாது. காலையில் கதவைத் திறக்கப் பயந்துகொண்டு கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். உள்ளே சத்தமில்லை. திறந்தேன். ஈர்க்குக்கு ஈர்க்கு, வைக்கோலுக்கு வைக்கோல், வெள்ளை வெள்ளையாகக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. சிலதில் புழு இன்னும் மெல்லிய வலைக்குள் தலையை ஆட்டி ஆட்டி இழை விட்டுக்கொண்டிருந்தது. அங்கேயே நிலத்தில் ஸுஜூது செய்தேன்.

அந்துப்பூச்சிகள் தம்பாட்டில் வெளியே வந்து போன பிறகு, கூடுகளைச் சவர்க்காரம் போட்டு அவித்து, அலசிக் காய வைத்தேன். கையில் மாட்டி இழுத்து இழுத்துப் பஞ்சாக்கினேன். அறையைப் பற்றி மகள் ஒன்றும் கேட்கவில்லை. கம்பியூட்டர் முன்னறை மூலையில் ஏறியது. ஒரு ஞாயிறு காலை நடு அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நூற்றேன். கதிர்க்கோலைச் சுழற்றி விட்டு, விரலுக்கிடையில் பஞ்சை நழுவ விட வேண்டும். அவசரப்பட்டால் அறும், பயந்து இறுக்கினால் முண்டு விழும். என் நூலில் முண்டு அதிகம். மருமகன் தன் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் இருந்தார். இப்போதெல்லாம் அவர் அப்படி வந்து இருப்பார்.

அன்றைக்கு அவர் அப்படிக் கேட்டது ஏன் என்று இன்று வரை விளங்கவில்லையே என்று நான்தான் பேச்சை எடுத்தேன். "உள்ளுக்கு வேற ஒருத்தரும் இல்லையா எண்டு ஏன் மகன் கேட்டீங்க?"

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார். பூட்டிய கதவு. இரவும் பகலும் நான் உள்ளே போவதும் வருவதும். கெஞ்சிக் கெஞ்சிச் சாப்பிடச் சொல்கிற என் குரல். உள்ளிருந்து மறுமொழி ஒன்றும் வராது. கேட்டால் மகள் முகம் மாறிச் சாமான் அறை என்பாள். கலியாணப் பேச்சில் மறைத்த ஒரு பிள்ளை, எழும்பி நடக்க ஏலாத ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். மகளுக்கு ஒரு தங்கச்சியோ தம்பியோ. சாப்பாடு இறங்காமல் போனது அதனால்தான். அந்த வெள்ளிக்கிழமை உம்மா வீட்டுக்குப் போனதும் அதை யோசிக்கத்தான்.

ஏமாற்றிவிட்டார்கள் என்றல்லவா நினைத்திருப்பார்? எங்கள் ஊரில் அதற்குக் குறைந்த காரணத்துக்கெல்லாம் கலியாணம் முறிந்திருக்கிறது.

"பொறகு ஏன் மகன் திரும்பி வந்தீங்க?"

"ராவெல்லாம் யோசிச்சன் மாமி" என்றார். "அது ஆரா இருந்தாலும் எங்கட புள்ளதானே. நீங்க மட்டும் எவ்வளவு காலத்துக்குத்தான் தனியப் பார்ப்பீங்க எண்டு வந்தன்."